தலைப்பில் தொலைந்த புள்ளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீடிமெட்லாவில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலோடு போராடிக்கொண்டிருந்தபோது, இளைய ஆய்வாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, நம்ம கருத்தரங்கத் தளத்தைக் கைப்பேசியில திறந்து பாத்தீங்களா? முதல்ல பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது குரலிலேயே தெரிந்தது. திறந்தேன். ‘உயர்கல்வியில் தமிழ்’ என்று நாங்கள் வைத்திருந்த தலைப்பு, ‘உயரகலவியில தமிழ’ என்று நின்றது. புள்ளிகள் அனைத்தும் மறைந்திருந்தன. கல்வி, கலவி ஆகியிருந்தது.

அந்த முகவரியை அச்சிட்ட அழைப்பிதழ் அதற்குள் பல பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களுக்குச் சென்றுவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் நாகரிகம் கருதி வாய்மூடி இருந்தார்கள் என்று தெரியாது. அன்று மாலைக்குள் தவற்றைத் திருத்திவிட்டோம். திருத்தியது இரண்டே வரிகள். ஆயினும் அந்த இரண்டு வரிகள் எழுப்பிய கேள்விகள் இன்னும் விடவில்லை. அவற்றை மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். இதைக் கணினித் துறையினரின் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவைத்திருப்பதே சிக்கலின் பாதி என்று கருதுகிறேன்.

முதலில், என்ன நடந்தது? நாங்கள் பயன்படுத்தியது இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆயத்த வார்ப்புரு. ‘தீம்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் தலைப்புப் பகுதிக்கு வடிவமைப்பாளர் அழகானதோர் எழுத்துருவை அமைத்திருந்தார். அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அவ்வாறு இல்லாதபோது உலாவி, பார்ப்பவரின் கருவியில் இருக்கும் ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் அது பெரும்பாலும் நிர்மலா. பழைய விண்டோஸில் லதா. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் பொதுவாக நோட்டோ. ஒவ்வொன்றின் உயரமும் தாழ்வும் வேறு. ஒரே தலைப்பு என் மடிக்கணினியில் செம்மையாகவும் தம்பியின் கைப்பேசியில் சிதைந்தும் தெரிந்ததன் காரணம் இதுவே. நாங்கள் ‘சரிபார்த்தோம்’ என்று சொன்னதெல்லாம் எங்கள் கணினியில் எங்கள் எழுத்துருவைச் சரிபார்த்ததுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. வார்ப்புருவில் தலைப்பு வரியின் உயரம் எழுத்தளவின் 1.1 மடங்கு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. பெட்டிக்கு வெளியே நீளும் எதையும் மறைத்துவிடு என்ற கட்டளையும் உடன் இருந்தது. ஆங்கிலத்திற்கு இது போதும். உரோமன் எழுத்துகளின் பேரெழுத்து ஓர் எல்லைக்குமேல் உயர்வதில்லை; ‘ஜி’, ‘ஒய்’ போன்ற சிற்றெழுத்துகளின் வால் ஓர் எல்லைக்குக்கீழ் இறங்குவதில்லை. தமிழில் மெய்யின் புள்ளி எழுத்தின் தலைக்குமேல் நிற்கிறது. இகர, ஈகாரக் கொக்கிகள் மேலே வளைகின்றன. ழு, ணு, றூ போன்றவை கீழே இறங்கிச் சுழிக்கின்றன. மேற்கூரை தாழ்வாக இருந்தால் முதலில் இடிபடுவது புள்ளிதான்.

எழுத்தின் பிற உறுப்புகள் சற்றுச் சிதைந்தாலும் வாசகர் ஊகித்துக்கொள்வார். கொக்கியின் மேல்விளிம்பு வெட்டுப்பட்ட ‘வி’ எங்கள் தலைப்பிலும் ‘வி’யாகவே தெரிந்தது. புள்ளி அத்தகையது அன்று. அது இருந்தால் மெய். இல்லையேல் அகரம் ஏறிய உயிர்மெய். ஒலியனியல் நோக்கில் ஓர் உயிரின் இன்மையைக் காட்டுவதற்கென்றே அமைந்த குறி அது.

சுவடி பயின்றோர் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை இட்டாரில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஓலையில் தெளிவாக இல்லை; அதை இன்றைய வடிவில் நிலைபெறச் செய்த பெருமை வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாகச் சொல்லப்படுகிறது. புள்ளியில்லாச் சுவடியைப் பொருள் நோக்கிப் பிரித்து வாசிக்கும் திறனைப் பதிப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்று பெற்றார்கள். அச்சு வந்த பிறகு அந்தத் தொல்லை நமக்கு நீங்கியது என்றிருந்தோம். மூவாயிரம் ரூபாய்க்கு ஆண்டுச் சந்தா கட்டி ஓர் இணையதளம் திறந்தால், மறுபடியும் சுவடி வாசிக்க வேண்டியிருக்கிறது.

நான் குடியிருக்கும் பகுதி தொழிற்பேட்டையை ஒட்டியது. தெருவெங்கும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த பெயர்ப்பலகைகள். தெலுங்கில் மெய்ம்மயக்கத்தின் இரண்டாம் மெய்யை முதலெழுத்தின் அடியில் எழுதுவார்கள். ‘ஒத்து’ என்று அதற்குப் பெயர். எங்கள் தெருமுனையில் பலகை எழுதும் பெரியவர், எழுதத் தொடங்கும் முன் வரிக்குக்கீழ் ஒத்துக்கென ஒரு விரற்கடை இடம் விட்டே கோடு போடுகிறார். அவரிடம் யாரும் ‘பன்மொழி ஆதரவு’ பற்றிப் பேசியதில்லை. எழுதப்போகும் மொழிக்கேற்ப வரி போட வேண்டும் என்பது அவருக்குத் தொழிலின் முதற்பாடம்.

அந்த முதற்பாடத்தைப் பெருநிறுவனங்களும் சில வேளைகளில் தவறவிட்டிருக்கின்றன. 2018 பிப்ரவரியில், ‘ஞானம்’ என்பதற்குரிய தெலுங்குச் சொல்லின் தொடக்கத்தை ஒத்த ஒரே ஒரு கூட்டெழுத்து, ஐஃபோன்களின் செய்திச் செயலிகளை முடக்கிப்போட்டது நினைவிருக்கலாம். ஆப்பிள் நிறுவனம் அம்மாதத்திலேயே திருத்தம் வெளியிட்டது. பெரும்பாலான செய்திகள் அதை ‘ஆபத்தான எழுத்து’ என்றே எழுதின. கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்து எப்படி ஆபத்தாகும்? ஆபத்து அதை எதிர்பாராத நிரலில் இருந்தது.

இத்தகைய சிக்கல் வரும்போது நம் நிறுவனங்கள் என்ன செய்கின்றன? இரண்டில் ஒன்று. தலைப்பை ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுவார்கள்; அல்லது தமிழ்த் தலைப்பை ஒரு படமாக்கி ஒட்டிவிடுவார்கள். கல்லூரித் தளங்களின் முகப்பில் சின்னம், கட்டடம், பெயர் மூன்றும் சேர்ந்த நீண்ட படம் ஒன்றை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குக் குறையில்லை. ஆனால் படத்தில் உள்ள எழுத்து எழுத்தன்று. தேடுபொறி அதை உரையாகக் கொள்ளாது. நகலெடுத்து மேற்கோள் காட்ட இயலாது. மாற்றுரை கொடுக்கப்படாவிட்டால் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. பார்வைக் குறையுள்ள ஆய்வு நண்பர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “உங்க தளம் பரவாயில்லை, தப்பாவது வாசிக்குது. பல தளத்துக்குப் பேரே இல்லை.” அவருடைய திரைவாசிப்பான் எங்கள் பக்கத்தை ஆங்கில உச்சரிப்பில் வாசிக்க முயன்றதும் அன்றுதான் தெரிந்தது. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று வார்ப்புருவின் தலைப்புக் கோப்பில் நிலையாக எழுதிவைத்திருந்தார்கள். எழுத்தைப் படமாக்கித் தருவதைத் தவிர்க்குமாறு வலை அணுக்க நெறிமுறைகள் நெடுங்காலமாக வலியுறுத்துகின்றன. நம் நாட்டு அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வெளிவந்தன. நெறிகளுக்குக் குறைவில்லை.

தலைப்பின் துன்பம் திரையோடு முடிவதும் இல்லை. ‘கல்வி’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் க, ல, புள்ளி, வ, இகரக் குறி என ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதினால் 45 இடங்கள். வேர்ட்பிரஸ் மென்பொருள், தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிக்கு 200 இடங்களை ஒதுக்குகிறது. ஆங்கிலத்தில் அது ஒரு பத்தி. தமிழில் 22 குறியெண்கள். ‘சங்க இலக்கியத்தில் வேளாண்மை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘சங்க-இலக்கியத்தில்-வேளாண’ என்று முடியும். எண்ணிப் பாருங்கள்: வெட்டு சரியாகப் புள்ளிக்கு முன்னால் விழுகிறது.

இதுவரை சொன்னது எழுத்தைப் பற்றி. வார்ப்புருவுக்கு ஓர் இலக்கணமும் உண்டு. பகுப்புப் பக்கங்களின் தலைப்பும் தேடல் பக்கத்தின் தலைப்பும் எவரும் நேராக எழுதுபவை அல்ல; ஒரு சட்டகத்தில் சொல்லைச் செருகி உருவாக்கப்படுபவை. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனியே நிற்கும். அதன்பின் எந்தப் பெயரை வைத்தாலும் பெயரின் வடிவம் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டும்போது பெயரும் மாறும். மரம் மரத்திற்கு ஆகிறது, வீடு வீட்டிற்கு ஆகிறது, ஆறு ஆற்றிற்கு ஆகிறது. சட்டகத்திற்கு இது தெரியாது. ‘மரம்க்கான தேடல் முடிவுகள்’ என்று அது பெரிய எழுத்தில் அச்சிடும். மொழிபெயர்த்த தன்னார்வலரைக் குறைசொல்வதில் பொருளில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு வெற்றிடமும் அதன் இருபுறமும் சில சொற்களும் மட்டுமே. தேர்ந்தவர்கள் உருபையே தவிர்த்து, ‘தேடல் முடிவுகள்: மரம்’ என்று முக்காற்புள்ளியால் தப்பிக்கிறார்கள். சரியான தீர்வு அது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கச் சாரியை பற்றிய அறிவு தேவைப்படுகிறது. அந்த அறிவு நம் துறைகளில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நடக்கும் இடத்தில் இல்லை.

“இரண்டு வரி மாற்றினால் தீரும் சிறு சிக்கலுக்கு இவ்வளவு நீளமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வரியின் உயரத்தை 1.1-லிருந்து 1.5 ஆக்கினோம், மறைக்கும் கட்டளையை நீக்கினோம், தீர்ந்தது. உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்தை வார்ப்புருவின் மூலக் கோப்பிலேயே செய்தால், அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும். சேய் வார்ப்புரு ஒன்றை உருவாக்கி அதில் எழுத வேண்டும். இதை அறிந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்தது தற்செயல். அறியாத ஒவ்வொரு தமிழ்த் துறையும் சிற்றிதழும் பள்ளியும் இதே இரண்டு வரிகளைத் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும், அல்லது படத்தை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலானோர் செய்வது பின்னதே.

கருவிக்கேற்ப எழுத்தை மாற்றிக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டு. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு ஆதரவாக, அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாகும் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. உலோக அச்சை எளிதில் மாற்ற இயலாத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று மாற வேண்டியது ஓர் எண். அந்த எண் மாறாததால் தமிழ்த் தலைப்பு ஆங்கிலமாவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: தமிழ், மொழியியல் துறைகள் சேர்ந்து ஒரு சோதனை உரையை உருவாக்க வேண்டும். புள்ளி மெய்கள், மேல் வளைவுகள், கீழ்ச் சுழிகள், கொம்பும் காலும் சேர்ந்தவை, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகள், இருபது எழுத்தைத் தாண்டும் ஒட்டுச்சொற்கள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். வார்ப்புருவைச் சோதிப்போர் இன்றும் பொருளற்ற இலத்தீன் உரையை இட்டே சோதிக்கிறார்கள். அதற்கு ஈடான தமிழ் உரை ஒன்று நம்மிடமிருந்தே செல்ல வேண்டும்.

இரண்டு: சாரியை ஏற்கும் பெயர்களை அறிந்த மாணவர்கள், மென்பொருள் மொழிபெயர்ப்பில் பங்கேற்பதைத் துறைகள் களப்பணியாக ஏற்று மதிப்பெண் அளிக்கலாம். ஒரு பருவத்தில் பத்து மாணவர்கள் செய்யும் வேலை, பல்லாயிரம் தளங்களின் தலைப்பைத் திருத்தும்.

மூன்று: தளம் அமைக்க நிறுவனங்கள் கோரும் ஒப்பந்தப்புள்ளியில், ‘தமிழ்த் தலைப்பு குறைந்தது மூன்று வேறு கருவிகளில் பிழையின்றித் தெரிய வேண்டும், படமாக இருத்தல் கூடாது’ என்ற ஒரு நிபந்தனை சேர வேண்டும். பணம் கொடுக்கும் இடத்தில் கேட்காததைப் பிறகு கெஞ்சிப் பெற முடியாது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் துறையின் தளத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பிறகு வேறொருவர் கைப்பேசியிலும் பாருங்கள். தலைப்பின்மேல் விரலை அழுத்தி எழுத்தாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். புள்ளிகளை எண்ணுங்கள். குறைந்திருந்தால் எனக்குத் திரைப்பிடிப்பை அனுப்புங்கள். தொகுத்து வைக்கிறேன், திருத்தும் வழியையும் எழுதியனுப்புகிறேன். எங்கள் கருத்தரங்கம் நல்லபடியாக நடந்து முடிந்தது. நிறைவுரை ஆற்ற வந்த பேராசிரியர், மேடையில் தலைப்பை வாசிக்கும் முன் பின்னால் தொங்கிய பதாகையை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார். அவரும் அந்தத் தளத்தைப் பார்த்திருக்கிறார்.