ரீல்ஸுக்கு வெட்டாதீங்க, முழுசாப் பதிங்க

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பிள்ளைகள் கையில் எல்லாம் நல்ல போன் இருக்கு. திண்ணையில் இருக்கிற அப்பத்தாகிட்ட "ஒரு பாட்டுப் பாடு"ன்னு கேட்டு, ஒரு நிமிஷம் எடுத்து, பின்னாடி இசையும் சேர்த்துப் போட்டுடுறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதோட நின்னுட்டா, நாம இழக்கிறது பாட்டை மட்டுமில்லை.

எங்க சிவகங்கைப் பக்கம் விவசாயம் கண்மாயை நம்பித்தான். கண்மாய்த் தண்ணியை வயல்களுக்குப் பிரிச்சு விடுறவருக்கு நீர்பாய்ச்சின்னு பேரு. எந்த மடையை முதல்ல திறக்கணும், தண்ணி குறைஞ்ச வருஷம் கடைசி வயல்காரருக்கு எத்தனை நாள் விடணும், கலுங்கு ஓடினா மிச்சத் தண்ணி எந்த ஊருக்குப் போகணும், எல்லாம் அவர் மனசுல இருக்கு. பட்டாவில் சர்வே நம்பர் இருக்கும்; இந்த முறை இருக்காது. எங்க ஊரில் இதை முழுசாத் தெரிஞ்சவர் இப்ப ஒருத்தர்தான். வயசு எண்பதைத் தாண்டிருச்சு. போர்வெல் வந்தபிறகு பலபேருக்கு அவர் தேவைப்படலை. ஆனா கண்மாய் நிறைஞ்ச வருஷத்துல தண்ணித் தகராறு வந்தா, அவர்கிட்டதான் போய் நிக்கிறோம். அவருக்குப் பிறகு யார்கிட்டப் போறது?

ஏற்றப்பாட்டும் இப்படித்தான். கேட்கிறவங்களுக்கு அது பாட்டு, இறைக்கிறவருக்கு அது கணக்கு. எத்தனை சால் இறைச்சாச்சுங்கிற எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். ஒரு நிமிஷத்துக்கு வெட்டினா ராகம் மிஞ்சும், கணக்கு போயிடும்.

"ஆராய்ச்சிக்காரங்க பார்த்துப்பாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. நா. வானமாமலையும் கி.ரா.வும் சேகரிச்சது பெரிய காரியம்தான். ஆனா ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒருத்தர் வந்து சேர மாட்டார். மகாராஷ்டிராவில் பெண்கள் திரிகை சுத்தும்போது பாடின பாட்டுகளை ஹேமா ராய்ர்கரும் கீ பாய்ட்வானும் ஊர் ஊராப் போய்ச் சேகரிச்சாங்க. 1 லட்சத்துக்கும் மேல. சாய்நாத் தொடங்கின 'பாரி' இணையதளத்தில் அதையெல்லாம் இப்போ வெளியிடுறாங்க. அங்கே என்னைக் கவர்ந்தது பாட்டுக்குக் கீழே இருக்கிற விவரம். பாடினவங்க பேர், கிராமம், தாலுகா, வயசு, தொழில், பதிவு செஞ்ச தேதி. இதெல்லாம் இல்லாத பதிவு, விலாசம் எழுதாத கடிதம் மாதிரி.

இதுக்குப் பெரிய கருவி வேண்டாம். உங்க போனில் இருக்கிற ரெக்கார்டர் போதும். நடுவுல கால் வராம ஏரோபிளேன் மோடில் போடுங்க. ஃபேனை நிறுத்துங்க. துண்டை மடிச்சு அதுமேல போனை வச்சு, பேசுறவருக்குக் கிட்டத்துல வைங்க. ஆரம்பத்துலயே தேதி, ஊர், பேசுறவர் பேரை உங்க குரலில் சொல்லிடுங்க. அப்புறம் நீங்க வாயை மூடணும், அதுதான் கஷ்டம். பெரியவங்க ஒரு கேள்விக்குப் பதிலா மூணு கதை சொல்லுவாங்க. விஷயம் மூணாவதுல இருக்கும்.

வருஷம் எதுன்னு நேரா கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. "தனுஷ்கோடி அழிஞ்ச புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு கேளுங்க, அது 1964 டிசம்பர். அண்ணா முதலமைச்சரானது 1967, இந்திரா காந்தியைச் சுட்டது 1984. இப்படி நாலு முளை அடிச்சுட்டா மத்ததை அதுல கட்டிடலாம்.

எடுத்த கோப்பை அப்படியே வைங்க. வெட்டி ரீல்ஸ் போடணும்னா நகலை வெட்டுங்க. பேச்சை எழுத்தாக்குற செயலியை நம்பி மட்டும் விட்டுடாதீங்க. மடை, கலுங்கு மாதிரி ஊர்ச்சொல் வர்ற இடத்துல அது வேற எதையோ எழுதி வைக்கும். கேட்டு நீங்களே திருத்துங்க.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா சொல்லணும். பேசுறவர்கிட்ட அது எங்கே போகப்போகுதுன்னு சொல்லி, சம்மதம் வாங்குங்க. நிலத் தகராறு, சாதிப் பேச்சு, யார் வீட்டுப் பொண்ணு யாரோட போச்சுங்கிறது எல்லாம் பேச்சுவாக்கில் வரும். அதை உலகத்துக்குப் போட்டுட்டு நீங்க திங்கட்கிழமை பஸ் ஏறிடுவீங்க. அவங்க அதே தெருவுலதான் இருக்கணும்.

எனக்கிருக்கிற பெரிய வருத்தம், பதிவெல்லாம் ஊரைவிட்டுப் போயிடுறதுதான். சேனல்காரங்க வர்றாங்க, எடுக்கிறாங்க, போறாங்க. பேசின பெரியவருக்கு ஒரு நகல்கூட வர்றதில்லை. உங்க கணினியில் ஒண்ணு, இணையத்தில் ஒண்ணு வைக்கிறதோட, ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு பென்டிரைவ் கொடுத்துட்டுப் போங்க.

நாங்க எங்க நீர்பாய்ச்சியை வீட்டுல உட்கார வச்சு எடுக்கலை. மூணு சாயங்காலம் கண்மாய்க் கரையில் கூடவே நடந்தோம். ஒவ்வொரு மடையிலயும் நின்னு சொன்னார். அதை வீட்டுல போட்டுக் கேட்ட அவர் சம்சாரம், "அந்த மூணாவது மடைக் கணக்கு அப்படி இல்லையே"ன்னு திருத்தினாங்க. இத்தனை வருஷமா அவங்ககிட்ட யாரும் கேட்டதே இல்லை. அடுத்த பதிவு அவங்களோடதுதான்.