பேரை மாத்தினா கப்பல் மாறிடுமா?

இந்த வாரம் பனியன் ஊர்ல கப்பல் கட்டின கதை.

ஹாஸ்டலைக் காலி பண்ணின சீனியர் ஒருத்தர், "என்னால முடியலடா, நீ வெச்சுக்கோ"ன்னு ஒரு பெட்டியைத் தந்துட்டுப் போனார். உள்ளே பாதி கட்டின மரக் கப்பல் கிட். பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல், 64-ல் ஒரு பங்கு அளவு. பின்புற அலங்காரத் தகடு காணோம். பீரங்கிகள்ல பாதி காணோம். தூக்கிப் போடலாமா? மனசு வரலை. இதே கப்பலை வேற கப்பலா மாத்திட்டா?

அது சாத்தியம்தான் பாஸ். ஒரே வரைபடத்துல கட்டின கப்பல்களுக்கு 'சிஸ்டர் ஷிப்'னு பேரு. நம்ம ஊர் பாஷையில சொன்னா, ஒரே பேட்டர்ன், வேற வேற லாட். என் கையில இருந்தது 'லீடா' ரகம். அந்தக் குடும்பத்துல ஒரு தங்கச்சி நம்ம நாட்டுல பிறந்தவ. பேரு ஹெச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. ஆமா, நம்ம திருகோணமலைதான்!

பெயர்ப் பலகையை மாத்தி ஒட்டி அப்பாகிட்ட காட்டினேன். அவர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, லேபிளை மாத்தினா பீஸ் மாறிடுமா?"

சுருக்குனு ஆயிடுச்சு. அப்புறம்தான் ட்ரிங்கோமலியின் கதையைத் தேடிப் படிச்சேன்.

1812-ல் இந்தக் கப்பலுக்கு ஆர்டர் போட்டாங்க. வரைபடத்தை ஜாவா என்ற போர்க்கப்பல்ல பம்பாய்க்கு அனுப்பினாங்க. அதே டிசம்பர்ல அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பல், பிரேசிலுக்கு அப்பால் ஜாவாவைத் தோற்கடிச்சு அழிச்சுடுச்சு. வரைபடமும் போச்சு! மறுபடி நகல் எடுத்து 1813-ல் அனுப்பினாங்க. 1816-ல் பம்பாய் கப்பல்துறையில வேலை ஆரம்பம். கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அக்கா கப்பல்கள் பல இங்கிலாந்து ஓக் மரத்துல உருவாச்சு. இவளுக்கு மலபார் தேக்கு. 1817 அக்டோபர் 12-ல் தண்ணீரில் இறங்கினா.

சரி, மாத்துறது எப்படி? முதல் கேள்வியே, "எந்த வருஷத்துக் கப்பல்?" என்பதுதான். ஏன்னா கப்பலும் நம்மளை மாதிரி, வயசாக ஆக மாறும். 1817-ல் ட்ரிங்கோமலி 38 பீரங்கிக் கப்பல். பின்புறம் அக்காக்களைப் போலவே தட்டை. 1845-ல் அவளை மாத்தி அமைச்சாங்க. பீரங்கிகள் 26 ஆகக் குறைஞ்சுது, ஆனா ஒவ்வொன்றும் பலம் கூடியது. தட்டையான பின்புறம் போய், முட்டை மாதிரி வளைஞ்ச பின்புறம் வந்தது.

பின்புறத் தகடும் இல்லை, பீரங்கியும் பாதி இல்லை. எனக்கு 1845-தானே சரி? முடிவு பண்ணிட்டேன்!

பீரங்கிகளை காலேஜ் ஒர்க்‌ஷாப் லேத்துல பித்தளைக் கம்பியைக் கடைஞ்சு பண்ணிட்டேன். பின்புறம்தான் படுத்தி எடுத்துச்சு. பழைய சட்டத்தை ரம்பத்தால அறுக்கணும். தப்பாப் போனா அவ்வளவுதான், இன்னொரு கிட் வாங்க என்கிட்ட காசு கிடையாது. கை நடுங்க அறுத்தேன். பால்சா கட்டையை வளைவா செதுக்கி ஒட்டினேன். பலகைகளை வெந்நீர்ல ஊறவெச்சு வளைச்சுப் பொருத்தினேன். முடிச்சுட்டு அளந்தா, பின்புறம் மட்டும் குண்டு! அகலம் 4 மில்லிமீட்டர் கூடுதல். நிஜக் கப்பல்ல அது 25 சென்டிமீட்டருக்கு மேல!

அப்பா ஸ்கேலை எடுத்துப் பார்த்தார். "பலகை என்ன கனம்?"

"உள் அடுக்கு ஒன்றரை மில்லி, மேல் அடுக்கு அரை மில்லி. ஒரு பக்கத்துக்கு ரெண்டு மில்லிங்ப்பா."

"நாங்க தையலுக்கு விட்டு வெட்டுவோம். நீ பலகைக்குக் குறைச்சு வெட்டியிருக்கணும். கடைசி அளவையே உள்ளே வெட்டி வெச்சிருக்கே."

நாலு வருஷ இன்ஜினீயரிங்ல ரெண்டு வருஷம் முடிச்சவனுக்கு, முப்பது வருஷம் துணி வெட்டினவர் ஒரே கேள்வியில பாடம் எடுத்துட்டார். பிரிச்சு, ரெண்டு பக்கமும் தேய்ச்சு, மறுபடி ஒட்டினேன். மூணு வாரம் போச்சு.

கயிறு, பாய் விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு ரெண்டு டிப்ஸ். கம்பெனியில சும்மா கிடைக்குதேன்னு பனியன் நூலைக் கயிறாக் கட்டாதீங்க, பஞ்சு பிரிஞ்சு மீசை முளைச்சுடும். தேன்மெழுகு தடவின வழவழப்பான தையல் நூல் பெட்டர். பாய்க்குப் பனியன் துணி கூடவே கூடாது, இழுத்தா நீளும். நெய்த மெல்லிய பருத்தித் துணிதான் சரி.

நிஜ ட்ரிங்கோமலி இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் நகரத்துல மிதந்துட்டு இருக்கா. தேக்கு மரமும் அவளைக் காப்பாத்தியிருக்கு. அந்த ரகத்துல மிஞ்சியிருக்கிற இன்னொருத்தி, 1824-ல் மிதக்க விட்ட யூனிகார்ன், ஸ்காட்லாந்தின் டண்டீயில நிக்கறா. பாஸ்டனுக்கு எதிரே 1813-ல் சண்டை ஜெயிச்சுப் பேர் வாங்கின அக்கா ஷானனை 1859-லேயே உடைச்சுட்டாங்க!

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். வேலை ஆரம்பிச்சப்ப வாடியா, பார்சி வழக்கப்படி கப்பலின் அடிக்கட்டையில ஒரு வெள்ளி ஆணி அடிச்சார். ஆர்டர் கொடுத்தது லண்டன், வரைபடம் அவங்களோடது, கொடியும் அவங்களோடது. ஆனா அடியில இவரோட ஆணி.

திருப்பூர் பனியன் எந்த நாட்டுக்குப் போனாலும், லேபிள்ல கட்டிங் மாஸ்டர் பேர் இருக்காது. பின்புறத்தை மூடறதுக்கு முன்னாடி, அம்மாவோட அறுந்த கொலுசுல இருந்து ஒரு துண்டு வெள்ளிக் கம்பியை அப்பா கையில கொடுத்தேன். "எங்கே வைக்கணும்?"னு மட்டும் கேட்டார். அடிக்கட்டையைக் காட்டினேன். ரெண்டு சொட்டு ஃபெவிகால். வெளியே தெரியாது, ஆனா இருக்கு.

இப்போ தைரியமா சொல்வேன், கப்பல் மாறிடுச்சு! அடுத்த வாரம் மீட் பண்ணுவோம் மக்களே!