பந்தயக் காரும் பாரவண்டியும்

பந்தயக் குதிரையை ஒருவன் ஜட்கா வண்டியில் பூட்டினான் என்று கேள்விப்பட்டால் நாம் சிரிப்போம். ஆனால் அமெரிக்க தேசத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் சிலர் ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்து வருகிறார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்னஞ்சிறு காரின் பின்புறத்தில், தாங்களே அறுத்துத் துளையிட்டுப் பற்றவைத்த இரும்புக் கொக்கி ஒன்றை மாட்டுகிறார்கள். அதில் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். இதில் பைத்தியக்காரத்தனம் எவ்வளவு, புத்திசாலித்தனம் எவ்வளவு என்று இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

முதலில், இந்த விபரீத ஆசைக்குக் காரணம் என்ன? அந்நாட்டில் ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி உண்டு. விசாலமான மைதானத்தில் ரப்பர்க் கூம்புகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு காராக அவற்றினிடையே வளைந்து நெளிந்து ஓடவேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறாரோ அவருக்கு ஜயம். 1944-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் விதிப்படி, ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் இரண்டு விநாடி அபராதம். தினந்தோறும் உத்தியோகத்துக்குப் போகும் காரிலேயே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் வந்துவிடுகிறவர்கள் பலர்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. பந்தயத்துக்கு உகந்த டயர் மிருதுவான ரப்பரால் ஆனது. அதைச் சாதாரணச் சாலையில் ஓட்டினால் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகையால் அந்த நாலு டயர்களையும் சக்கரத்தோடு தனியே எடுத்துச் சென்று, மைதானத்தில் மாற்றிக்கொள்ளவேண்டும். உதாரணமாக, 1989-ஆம் வருஷம் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட மாஜ்தா மியாட்டா காரை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை; உள்ளே இரண்டு ஆசனம்; பின்னால் ஒரு பெட்டியும் ஒரு மூட்டையும் வைத்தால் நிறைந்துவிடும் இடம். நாலு சக்கரங்களும், ஜாக்கியும், கருவிப் பெட்டியும் எங்கே போவது? பின்னால் ஒரு சிறு வண்டியில்தான் போகவேண்டும். காரைப் படைத்தவர்களோ அதைப் பாரம் இழுப்பதற்காகப் படைக்கவில்லை. எனவே, சொந்தக்காரர் சட்டையின் கையை மடித்துக்கொண்டு தாமே இரும்பை அறுக்க உட்காருகிறார்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பது முதல் கேள்வி. லாரிக்கு இருப்பதுபோல் இத்தகைய காருக்குத் தனியான சாஸி கிடையாது. மெல்லிய இரும்புத் தகடுகளை மடித்து ஒட்டிய உடம்பே அதற்கு எலும்புக்கூடும் ஆகும். சாமான் வைக்கும் இடத்தின் அடித்தகட்டில் நாலு துளையிட்டுக் கொக்கியை முடுக்கிவிட்டால், ஒருநாள் கொக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு விடைபெறும். விஷயம் அறிந்தவர்கள் பின் பம்பரைத் தாங்கும் இரு நீளச் சட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் குறுக்கே கனமான சதுரக் குழாயைப் பொருத்துகிறார்கள். தகட்டைத் துளைத்தே ஆகவேண்டிய இடத்தில், மறுபுறம் தடித்த பட்டையை வைத்துப் பாரத்தைப் பரப்புகிறார்கள். சேற்றில் தூண் நடுகிறவன் அடியில் பலகை போடுவதில்லையா? அதே தத்துவந்தான்.

அடுத்தது, போல்ட்டு. அதன் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைக் காணலாம். முதல் எட்டுக்குப் பொருள், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரையில் இழுவிசையைத் தாங்கும் என்பது. இரண்டாவது எட்டுக்குப் பொருள், அந்த விசையில் பத்தில் எட்டுப் பங்கு வரையில் இழுத்தாலும் நிரந்தரமாக நீண்டுபோகாது என்பது. இந்த அடையாளமில்லாத போல்ட்டு முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது. எங்கே கொண்டு சேர்க்கும் என்று சொல்ல முடியாது.

பற்றவைப்பு இன்னும் நுட்பமானது. மேலே பார்க்க அழகாயிருக்கும் பற்று, உள்ளே இரும்போடு இரும்பு உருகிச் சேராமலே இருக்கலாம். ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் முறிவதில்லை. அப்படியும் இப்படியுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் கொக்கியை அவ்வாறே வளைக்கிறது. ஐக்கிய நாடுகளின் 55-ஆம் எண் வாகன விதிமுறையின்படி, தொழிற்சாலையில் செய்யப்படும் எஃகுக் கொக்கியை 20 லட்சம் தடவை விசை கொடுத்து அலுக்கச் செய்து பரீக்ஷிக்கிறார்கள். பிரிட்டனில் 1998-ஆம் வருஷம் ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல் சாலைக்கு வந்த கார்களுக்கு, அங்கீகாரம் பெற்ற கொக்கியைத்தான் மாட்டலாம் என்பது விதி. "நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், அசையவில்லை" என்று வீட்டுக் கொல்லன் சொல்வதற்கும் அந்த 20 லட்சத்துக்கும் உள்ள தூரத்தை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கொக்கி உறுதியாக அமைந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய எவரும் முன்பாரம், பின்பாரம் என்பதை அறிவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே நியாயம். மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரையில் கொக்கியின்மேல் அழுந்தவேண்டும் என்பது அமெரிக்கர்களின் கணக்கு. டிரெய்லரும் சாமானும் சேர்ந்து 180 கிலோ என்றால், கொக்கியின்மேல் 18 முதல் 27 கிலோ. இதற்கு மேற்பட்டால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். குறைந்தாலோ, வேகம் ஏற ஏற டிரெய்லர் இடமும் வலமும் பாம்பைப்போல் நெளியும்; இலேசான காரையும் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கும். அப்போது பதறிப் பிரேக்கை மிதிப்பது விபரீதம். சுக்கானை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானே தணியவிடவேண்டும்.

இன்னும் ஒரு சூட்சுமம். அமெரிக்காவில் கொக்கிக் குண்டு ஒரே அளவில் வருவதில்லை. இரண்டு அங்குலக் குண்டும் உண்டு. அதைவிட அரைக்கால் அங்குலம் சிறிய குண்டும் உண்டு. பெரிய குண்டுக்கான கிண்ணம் சிறிய குண்டின்மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். முதல் பள்ளத்தில் துள்ளி எழுந்து தன் வழியே போய்விடும். அதற்காகத்தான் இரண்டு சங்கிலிகளை டிரெய்லரின் ஏர்க்காலுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மாட்டுகிறார்கள். கிண்ணம் நழுவினாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் தொட்டில்போல் அவை தாங்கிக்கொள்ளும். திரும்பும்போது இழுபடாத நீளமும், தரையில் உராயாத சுருக்கமும் அவற்றுக்கு வேண்டும்.

தன் கையால் ஒரு பொருளைச் செய்துகொள்கிறவனிடம் நமக்கு மரியாதை உண்டு. எல்லாவற்றையும் கடையில் வாங்கித் தீர்க்கும் காலத்தில், அளந்து, அறுத்து, யோசித்துச் செய்கிறவன் தேசத்துக்கே ஒரு செல்வம். ஆனால் வீட்டில் செய்த நாற்காலி முறிந்தால் செய்தவன் விழுவான். வீட்டில் செய்த கொக்கி முறிந்தால் பின்னால் குழந்தைகளோடு வருகிறவன் விழுவான். அவன் நம் கைத்திறனைக் கண்டவனுமல்ல, அதை நம்புவதாக ஒப்புக்கொண்டவனுமல்ல. தன் வேலையைத் தேர்ந்த ஓர் எஞ்சினியர் ஆராய்ந்து பார்க்கட்டும் என்று கொடுக்கிறவனும், கொக்கியைத் திருப்தியாகச் செய்து முடித்தபின்பும் மறவாமல் இரு சங்கிலிகளை மாட்டுகிறவனுமே நல்ல தொழிலாளி. எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் தன் வேலையும் தவறக்கூடும் என்று எண்ணிப் பார்க்கிறவன் கையில்தான், பிறர் உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.