எல்லாரும் இருந்தாங்க. யார் பார்த்துக்கிட்டு இருந்தா?

1/ ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், கோடை லீவு. ஒரு வேன் பிடிச்சு, புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு, கொடிவேரிக்கோ ஒகேனக்கல்லுக்கோ முக்கொம்புக்கோ குடும்பத்தோட கிளம்புறது நம்ம ஊர்ல இருக்கிற நல்ல பழக்கங்கள்ல ஒண்ணு. ஆறு, விளையாட்டு, சாப்பாடு மூணும் ஒரே நாள்ல கிடைக்குது. அந்த நாளைப் பற்றித்தான் இந்த நீண்ட இழை. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

2/ கோபத்துக்குக் காரணம், மறுநாள் பேப்பர்ல வர்ற செய்தி. "குடும்பத்துடன் சுற்றுலா சென்ற சிறுவன் நீரில் மூழ்கி பலி." ஊர் பெயரும் வயசும்தான் மாறும். அதைப் படிச்சதும் நாம சொல்றது மூணே வாக்கியம். "விதி." "தண்ணி காவு வாங்கிடுச்சு." "அம்மாக்காரி என்ன பண்ணிட்டு இருந்தா?" முதல் ரெண்டும் பொய். மூணாவது அயோக்கியத்தனம். ஏன்னு சொல்றேன்.

3/ முதல்ல அளவைப் புரிஞ்சுக்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்காங்க. அதில் ஏறத்தாழ நாலில் ஒருவர் 5 வயசுக்குட்பட்ட குழந்தை. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல். டெங்குவுக்கு பயப்படுற அளவுக்கு இதுக்கு நாம பயப்படுறதே இல்லை. ஏன்னா இதை நோய்னு நினைக்கிறதில்லை, தலையெழுத்துன்னு நினைக்கிறோம்.

4/ அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரை வேணும்னாலும் கேளுங்க. இப்படி ஒரு குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வர்ற குடும்பம் சொல்ற வாக்கியம் ஒண்ணுதான்: "எல்லாரும் அங்கதான் டாக்டர் இருந்தோம்." அது பொய் இல்லை. உண்மையிலேயே எல்லாரும் அங்கதான் இருந்திருப்பாங்க. பிரச்சினையே அதுதான்.

5/ பெரியவங்க 12 பேர், பிள்ளைங்க 7 பேர்னு போற வேன்ல, "இத்தனை பேர் இருக்கோமே, யாராவது பார்த்துக்குவாங்க"ன்னு 12 பேரும் நினைக்கிறாங்க. பெரியப்பா சித்தப்பாவை நம்புறார், சித்தப்பா மாமாவை நம்புறார், மாமா பத்தாவது படிக்கிற பையனை நம்புறார். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடிப் பிள்ளையைப் பார்க்க முடியாது. அதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குத் தன் பெயர்தான் அந்த வேலைக்குன்னு தெரியணும்.

6/ "மூழ்குனா கத்துவான், கேட்டிருக்கும்." இல்லீங்க, கேட்காது. சினிமாவுல வர்ற மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு யாரும் கத்துறதில்லை. மூழ்குறவங்க வாய் தண்ணிக்கு மேலே வர்றதே நொடிப்பொழுதுதான். அந்த நேரம் மூச்சு இழுக்கவே பத்தாது, கத்துறதுக்கு எங்கே போறது? கை தானாகவே பக்கவாட்டில் தண்ணியை அழுத்தும், தூக்கி ஆட்ட முடியாது. உடம்பு செங்குத்தா நிற்கும். கரையிலிருந்து பார்த்தா நின்னு விளையாடுற மாதிரி இருக்கும்.

7/ இந்தப் போராட்டம் பெரும்பாலும் 20 முதல் 60 விநாடிக்குள் முடிஞ்சிடும். ஒரு இலை போட்டு சாதம் வைக்கிற நேரம். ஒரு செல்ஃபி எடுத்து, "சரியா வரல, இன்னொண்ணு எடு"ன்னு சொல்ற நேரம். அதுக்கப்புறம் ஆக்ஸிஜன் இல்லாம நாலஞ்சு நிமிஷத்துல மூளை சேதமாக ஆரம்பிக்கும். நீங்க எங்ககிட்ட வந்து சேர ஆகுற நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. ஆற்றங்கரையில நடக்காததை ஆஸ்பத்திரியில எங்களால நடத்திக்காட்ட முடியாது.

8/ சின்ன வயசுல எல்லாருக்கும் சொல்லியிருப்பாங்க, "சாப்பிட்டவுடனே குளிக்காதே, ஆபத்து"ன்னு. வயித்துல இருக்கிற சோறு ஆளை மூழ்கடிக்கும்னு சொல்ல உருப்படியான ஆதாரம் இல்லை. ஆனா சோறு பரிமாறுற நேரம் உண்மையிலேயே ஆபத்து. அப்போ எல்லார் முகமும் தண்ணிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். பெரியவங்க தட்டைத் தேடுவாங்க. "இன்னும் ஒரே ஒரு முக்கு போட்டுட்டு வர்றேன்"ன்னு ஒரு குழந்தை மட்டும் தண்ணியிலயே இருக்கும்.

9/ இப்போ அந்த மூணாவது வாக்கியத்துக்கு வர்றேன். "அம்மாக்காரி என்ன பண்ணிட்டு இருந்தா?" நான் சொல்றேன், அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு. காலையில நாலு மணிக்கு எழுந்து 20 பேருக்கு சாதம் கிளறினாங்க. வேன்ல வாந்தி எடுத்த குழந்தைக்கு சட்டை மாத்தினாங்க. வந்து இறங்கினதும் பாய் விரிச்சு, பாத்திரம் பிரிச்சு, யாருக்கு ஊறுகாய், யாருக்கு அப்பளம்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு அது சுற்றுலா இல்லை, இடம் மாறின அடுப்படி.

10/ கேட்க வேண்டிய கேள்வி, "ஆம்பளைங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" மீன் வறுவல் வாங்க வரிசையில நின்னது யாரு? எண்ணெய் மசாஜுக்குப் படுத்தது யாரு? வேனுக்குப் பின்னாடி பாட்டிலைத் திறந்தது யாரு? ரீல்ஸ் எடுத்தது யாரு? எல்லா ஆண்களும் இப்படின்னு சொல்லல. ஆனா அந்த நாள்ல கை சும்மா இருக்கிற பெரியவங்க யாருன்னு கணக்கெடுத்தா, பெரும்பாலான குடும்பங்கள்ல பதில் ஒண்ணுதான் வரும். தண்ணிக் காவல் அவங்க வேலை. இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

11/ குடிச்சுட்டு ஆத்துல இறங்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் கூடுதலா ஒண்ணு சொல்றேன். குடிச்சுட்டுக் கரையில உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துக்கிறேன்னும் சொல்லாதீங்க. ரெண்டு பெக் போட்டவர் கண்ணு தண்ணியைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கும். ஒரு தலை குறையுதுன்னு மூளைக்கு உறைக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். வண்டி ஓட்டறவருக்கு என்ன விதியோ, தண்ணிக் காவலுக்கும் அதே விதி.

12/ "எங்க பையனுக்கு நீச்சல் தெரியும்." நீச்சல் குளத்துல கத்துக்கிட்ட நீச்சல் குளத்துக்குப் போதும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பாலாற்றிலும் மணல் அள்ளின குழி எங்கே இருக்குன்னு மேலேருந்து பார்த்தா தெரியாது. முழங்கால் அளவு தண்ணியில நடந்து போறவன் அடுத்த அடியில ஆளை முழுங்குற பள்ளத்துல இருப்பான். பாசி, சுழல், பாறை இடுக்கு எல்லாம் தனிக் கணக்கு. அந்தத் தண்ணியை அறிஞ்ச உள்ளூர்க்காரர் "இங்க இறங்காதீங்க"ன்னா, அவர் உங்க ஜாலியைக் கெடுக்க வரலைன்னு நம்புங்க.

13/ "தண்ணி கம்மியாத்தான் ஓடுது." இப்போ கம்மி, சரி. மேலே மழை பெய்தா? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சுட்டுப் போச்சு. அதே ஆண்டு ஜூன் 30, மகாராஷ்டிராவில் லோனாவாலா பூசி அணை பக்கம் அருவியில ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர். நடுத் தண்ணியில ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்த வீடியோவை நாடே பார்த்துச்சு. பார்த்துட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமளும் கிளம்பினோம். தண்ணி கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ, குச்சியும் இலையும் அடிச்சுட்டு வந்தாலோ அந்த நிமிஷமே மேலே ஏறுங்க. துணியை அப்புறம் எடுத்துக்கலாம்.

14/ ரோட்டோரம் விக்கிற காத்தடிச்ச டியூப், கையில மாட்டுற பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான். பாதுகாப்புச் சாமான் இல்லை. அதை மாட்டிவிட்டதும் நமக்குத்தான் தைரியம் வருது, குழந்தைக்கு ஒண்ணும் வர்றதில்லை. ஒகேனக்கல்ல பரிசல் ஏறும்போது லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறாங்க. அதைத் தோள்ல தொங்க விடாம, பக்கிளைப் பூட்டி, குழந்தைக்குக் குழந்தை அளவு கேட்டு வாங்குங்க. போட்டோவுக்காக நடு ஆத்துல கழற்றாதீங்க.

15/ ஆத்துக்குப் போறதில்லை, பண்ணை வீடு எடுக்கிறோம்னு சொல்றவங்களுக்கும் இதே கதைதான். மாந்தோப்பு, ஊஞ்சல், பார்பெக்யூ, நடுவுல ஒரு நீலக் குளம். வேலி இல்லை, உயிர்காப்பாளர் இல்லை, ஆழம் எழுதியிருக்காது. சுவத்துல மட்டும் "அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல". பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஏசி இருக்கா, வைஃபை இருக்கான்னு கேட்கிறோமே, குளத்தைச் சுத்தி பூட்டுற கதவு இருக்கான்னும் கேளுங்க. இல்லைன்னா வேற இடம் பாருங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு வேலி போட்டு வச்சிருப்பாங்க.

16/ "அரசாங்கம் என்ன பண்ணுது?" நியாயமான கேள்வி, நானும் கேட்கிறேன். "ஆழமான பகுதி, குளிக்காதீர்"னு துருப்பிடிச்ச போர்டு ஒண்ணு வச்சா கடமை முடிஞ்சிடாது. கூட்டம் கூடுற ஒவ்வொரு படித்துறையிலும் கயிறு, மிதவை வளையம், பயிற்சி பெற்ற ஆள் வேணும். முடியாததில்லை. காணும் பொங்கலுக்கு மெரினாவுல கடலில் இறங்க முடியாம தடுப்பு கட்டுறாங்க, குழந்தைங்க கையில பெற்றோர் போன் நம்பரோட பட்டை கட்டி விடுறாங்க. அந்த அக்கறை ஆத்தங்கரைக்கும் வரணும். ஆனா அது வர்ற வரைக்கும் உங்க பிள்ளை காத்திருக்க மாட்டான், தண்ணியில இறங்கிடுவான்.

17/ சரி, என்ன செய்யணும்? கிளம்புறதுக்கு முன்னாடி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "யார் என்ன கொண்டு வர்றீங்க"ன்னு ஒரு லிஸ்ட் போடுறோம். அதுல இன்னொரு வரி சேருங்க: தண்ணிக் காவல். பெயரும் நேரமும் போட்டு எழுதுங்க. 20 நிமிஷத்துக்கு ஒருத்தர். அந்த 20 நிமிஷம் போன் கிடையாது, சாப்பாடு கிடையாது, அரட்டை கிடையாது. பிள்ளைங்க தலையை எண்ணிக்கிட்டே இருக்கணும். அடுத்தவர் வந்து "இப்ப நான் பார்த்துக்கிறேன்"ன்னு வாயால சொன்ன பிறகுதான் நகரணும். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைன்னா கரையில உட்கார்ந்து பார்த்தா போதாது. கை எட்டுற தூரத்துல கூடவே தண்ணியில நிக்கணும்.

18/ சாப்பிடும்போது குழந்தைங்க எல்லாரையும் தண்ணியிலிருந்து ஏத்துங்க. ஒருத்தர் விடாம எண்ணின பிறகுதான் முதல் இலை. பந்தி முடியுற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

19/ யாராவது மூழ்கினா உடனே குதிக்காதீங்க. ஒருத்தரைக் காப்பாத்தக் குதிச்சு ரெண்டு மூணு பேர் போற செய்தியை நாம நிறைய படிச்சிருக்கோம். மூழ்குறவர் உங்களைப் பிடிச்சு அமுக்குவார், அது அவர் குற்றமில்லை. கரையில நின்னு எதையாவது வீசுங்க. கயிறு, வேட்டி, நீளமான கொம்பு, மூடி போட்ட காலி தண்ணி கேன். 2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில 4 இளைஞர்கள் தண்ணியில சிக்கினப்போ, அங்கே இருந்த 3 பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி 2 பேரைக் கரை சேர்த்தாங்க. அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்துச்சு. மானம், கூச்சம்னு ஒரு நொடி யோசிச்சிருந்தா அந்த ரெண்டு உயிரும் இல்லை.

20/ கரைக்குக் கொண்டு வந்ததும் வயித்தை அமுக்காதீங்க. தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. தண்ணியை வெளியேத்தணும்னு செய்யுற அந்த ரெண்டு நிமிஷம்தான் மூளைக்கு மிச்சமிருந்த நேரம். ஒருத்தர் 108-க்குக் கூப்பிடட்டும். மூச்சு இல்லைன்னா மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைப் பின்னுக்குச் சாய்ச்சு, மூக்கை மூடி, வாயோடு வாய் வச்சு முதல்ல 5 மூச்சு கொடுங்க. அப்புறம் மார்பு நடுவில நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரை நிறுத்தாதீங்க. வாந்தி எடுத்தா பக்கவாட்டில் திருப்பித் துடைச்சுட்டுத் தொடருங்க. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சுத் திணறல் வரலாம்.

21/ "இவ்வளவு பயமுறுத்துறதுக்குப் போகாமலே இருக்கலாம்." தயவுசெய்து அந்த முடிவுக்கு வராதீங்க. வீட்டுக்குள்ள போனோட அடைச்சு வைக்கிறதுக்கும் விலை இருக்கு. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளியே விட்டுப் பார்த்தாங்க. 3 ஆண்டு கழிச்சு, வழக்கம்போல விட்ட பிள்ளைகள்ல 39.5 சதவீதம் பேருக்குப் புதுசா கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்டவங்கள்ல 30.4 சதவீதம்தான். 2015-ல் வெளியான ஆய்வு. பிள்ளைங்களுக்கு வெயில் வேணும், மண் வேணும், ஆறும் வேணும். 6 வயசு தாண்டினதும் முறையா நீச்சல் கத்துக் கொடுங்க, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

22/ மறுபடி சொல்றேன், விதி இல்லை. வாசல்ல செருப்பு திருடு போகாம இருக்க ஒரு ஆளை நிறுத்துறோம். பந்தியில வடை எல்லாருக்கும் வந்துச்சான்னு பார்க்க ஒரு ஆள் வைக்கிறோம். பிள்ளைங்க தண்ணியில இருக்கும்போது மட்டும் கடவுளை நிறுத்திட்டு சாப்பிட உட்கார்றோம். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடுற குரூப்ல இந்த இழையைப் போடுங்க. போட்டதோட விடாம, முதல் 20 நிமிஷத்துக்கு உங்க பெயரை எழுதுங்க.