சக்கரம் வட்டமா இருக்கணும்

அப்பா தவறி ஒரு வருசம் ஆச்சு. தலைத்திவசத்துக்கு வர்ற சொந்தங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னு டவுன்ல ஒருத்தர்கிட்ட வீடியோ ஒண்ணு சேர்த்துத் தரச் சொன்னேன். 1998-ல் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த கேசட், கடைசி மாசங்கள்ல என் மகன் செல்போன்ல எடுத்தது, ரெண்டையும் கலந்து. டிவி முழுக்க நிறைஞ்சு ஓடுச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. அம்மா மட்டும், "இதாருடா? ஊதிப்போயிருக்கறாரு. உங்கப்பா ஒல்லிக் குச்சியாட்டம்ல இருப்பாரு"ன்னாங்க.

அப்பா சீர் வண்டி ஓட்டிட்டு வர்ற இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் படுக்கவெச்ச முட்டை மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் விளங்குச்சு.

கேசட் படம் 4:3. இப்ப டிவி 16:9. 1920×1080 அளவுல பழைய படத்தை உயரத்துக்குப் பொருத்தினா 1440 புள்ளி அகலம்தான் வரும். ரெண்டு பக்கமும் 240 புள்ளி கறுப்பா நிக்கும். அந்தக் கறுப்பு தெரியக்கூடாதுன்னு அவர் இழுத்து நிரப்பிட்டாரு. ஆளு மூணுல ஒரு பங்கு அகலம் கூடிட்டாரு. இழுக்காம, பெருசாக்கியும் நிரப்பலாம்தான். ஆனா உயரத்துல கால் பங்கு வெட்டுப்படும். அப்பாவுக்குத் தலைப்பாகையை வெட்டுறதா, காலை வெட்டுறதா?

செல்போனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்தது இன்னும் சிரமம். அகலத் திரையில வெச்சா சுமார் 607 புள்ளிதான், மூணுல ஒரு பங்குகூட இல்ல. மிச்ச இடத்துல அதே காட்சியை மங்கலாக்கி ஓடவிடுறது இப்ப வழக்கமாயிடுச்சு. எனக்கு ஆகலை. கட்டில்ல படுத்திருக்கிற அப்பாவுக்குப் பின்னாடி இன்னொரு அப்பா பெருசா அசையறாரு!

நானே உக்காந்து மறுபடி கோத்தேன். இழுக்கலை, வெட்டலை. கறுப்பு இருந்தா இருக்கட்டும்னு விட்டுட்டேன். கேசட் படம் கொஞ்சம் மங்கல்தான். அதுல இருக்கறதே 576 வரி. 1080-க்குப் பெருசாக்கினா இல்லாத தெளிவு எங்கிருந்து வரும்?

ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தங்களே, தென்னை ஏறுறதை நிமிர்த்தி எடுங்க, தப்பில்லை. நடவு வரிசையைப் போனைப் படுக்கவெச்சு எடுங்க. அனுப்பறப்ப வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க, வீடியோவா அனுப்பினா அமுக்கிச் சின்னதாக்கிடும். ஆளுங்களை மட்டும் தயவுசெஞ்சு இழுக்காதீங்க.

புதுசை அம்மாவுக்குப் போட்டேன். பக்கத்துக் கறுப்பைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. வண்டி வர்ற இடத்தை இன்னொருக்கா போடச் சொன்னாங்க.