பரணில் கிடந்த கிடார்

ஹவாயன் கிடார் என்றால் உங்களில் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது, சகோதரிகளே? தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்களே, அது இல்லை. இதை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகவேண்டும். ஹவாய்த் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த வாசிப்பு முறை. ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழைந்து போவதால் நம் சங்கீதத்துக்கும் அது வெகு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

கல்கத்தாவில் சுனில் கங்கூலி இந்தி சினிமாப் பாட்டுகளை இதில் வாசித்து இசைத்தட்டுகளாகக் கொடுத்தார். லக்னோக்காரரான வான் ஷிப்லி, எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்தவர். 45 சுற்று சின்னத் தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருக்கும். வார்த்தையே கிடையாது. வார்த்தை இல்லாவிட்டால் என்ன, கேட்கிறவர்கள் மனசுக்குள் பாடிக்கொள்வார்கள்!

இந்தத் தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவள் என் நாத்தனார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன் நன்றாக வாசிப்பாள். அப்புறம் கூட்டுக் குடும்பம், மூன்று குழந்தைகள், காப்பிப் பழம் பறிக்கிற மாசங்களில் ஆட்களுக்குச் சமையல். கிடார் பரணுக்குப் போயிற்று. யாரும் தடுக்கவில்லை. ஆனால் யாரும் "எங்கே, ஒரு தடவை வாசியேன்" என்று கேட்கவும் இல்லை. நம் வீடுகளில் பாதி வித்தைகள் இப்படித்தான் போகின்றன.

போன வருஷம் ஒரு காலையில் அவள் கையிலிருந்த தம்ளர் நழுவியது. இடது கை துவண்டு, பேச்சும் குழறியது. மருமகள் தாமதிக்காமல் ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினாள். அதுதான் காப்பாற்றியது. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு. ஆனால் அறிகுறி தெரிந்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். வாய் கோணினால், கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால், வெந்நீர் ஒத்தடம், கஷாயம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிச் சேலம் போகவேண்டிய மலைவாசிகளுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

கை மெல்ல மெல்லத் திரும்பியது. நான் பார்க்கப் போனபோது அவள் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி, நானே போட்ட மெட்டு ஒண்ணு இருக்கு. பத்தொன்பது வயசுல போட்டது. எழுதி வைக்கல. விரல்லதான் இருக்கு. இந்தக் கை போயிருந்தா அதுவும் போயிருக்கும் இல்ல?"

"அப்ப இறக்கு கிடாரை" என்றேன்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணி, சிரிப்பாங்க" என்றாள். சிரிக்கட்டுமே!

முதலில் பயிற்சி டாக்டரைக் கேட்டோம். அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதானே கைக்கு வைத்தியம்? ஹவாயன் கிடாரில் இன்னொரு சௌகரியமும் உண்டு. தந்தியை விரலால் அழுத்த வேண்டாம், இரும்பை நகர்த்தினால் போதும். மூட்டு வலிக்காரர்களுக்கும் இது தேவலை. ஆனால் கட்டைவிரல் அடியில் வலியுள்ளவர்கள் இரும்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. 20 நிமிஷம் வாசித்தால் 10 நிமிஷம் ஓய்வு. சர்க்கரை வியாதியால் விரல் மரத்திருந்தால், வாசித்து முடித்ததும் நுனியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பரணில் கிடந்த கிடாருக்கும் வைத்தியம் வேண்டியிருந்தது. ஏற்காட்டு மூடுபனியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அரிசி டப்பாவே நமுத்துப் போகும் ஊர். தந்திகள் துருவேறிவிட்டன, புதுசு மாற்றினோம். இனி வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும், ஈரச் சுவரில் சாய்க்கக் கூடாது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடவேண்டும். ஈரத்துக்குப் பயந்து கணப்புப் பக்கத்தில் வைத்தாலோ பலகை வெடித்துவிடும்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ தேடவில்லை. அமெரிக்காவில் லெஸ் பால், மேரி ஃபோர்டு தம்பதி வீட்டிலேயே ஒரு பகுதியின் மேல் இன்னொரு பகுதியாக வாசித்தும் பாடியும் பதிவு செய்துதான் 1951-இல் உலகப் புகழ் பெற்றார்கள். நமக்குக் கைபேசி போதாதா? காலிக் கூடத்தில் வாசித்தால் கிணற்றுக்குள் வாசிப்பது போலக் கேட்டது. படுக்கையறையில் பட்டுப்புடவை பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் உட்கார வைத்தேன். புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும்! கைபேசி இரண்டடி தள்ளி, மடித்த துண்டின் மேல். ஃபேன், ஃபிரிட்ஜ் நிறுத்தம். தகரக் கூரையில் மழை விழும்போது பேசாமல் ஜபம் செய்யவேண்டியதுதான்.

பேரன் முதலில் தாள வாசிப்பைப் பதிவு செய்துகொண்டான். அதைக் காதில் கேட்டபடி பாட்டி மெட்டை வாசித்தாள். கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்தான். கணீரென்ற சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கி, லேசாக எதிரொலி கொடுத்ததும் அந்தக் காலத்துத் தட்டு மாதிரியே குழைவு வந்துவிட்டது. எதிரொலியைப் பீரோவில் துரத்திவிட்டு மறுபடி கம்ப்யூட்டரில் சேர்ப்பானேன் என்று கேட்பீர்கள். அறை தருவதை எடுக்க முடியாது, நாம் சேர்ப்பதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

முதலில் பழைய சினிமா மெட்டுகள்தான் வாசித்தாள். அதிலும் வேதாவின் மெட்டுகள். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 'வல்லவன் ஒருவன்' (1966) மாதிரியான துப்பறியும் படங்களுக்கு இசையமைத்தவர். இந்தி மெட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டார் என்று அவரைக் குறை சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. இரவல் மெட்டானாலும் நம் ஊர்க் காதுக்கு ஏற்றபடி தைத்துக் கொடுக்கத் தெரிந்திருந்தது. நாத்தனார் செய்வதும் அதே தையல்தான்.

நாலாவது நாள் அவளுடைய சொந்த மெட்டு. பதினொரு தடவை எடுத்தோம். இடது கை சில இடங்களில் அரை மாத்திரை பிந்துகிறது. பேரன் கம்ப்யூட்டரில் சரி செய்கிறேன் என்றான், அவள் விடவில்லை. நடுவில் ஒரு பகுதி எவ்வளவு யோசித்தும் விரலுக்கு வரவில்லை. "இட்டுக்கட்டிப் போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த இடத்தைத் தாண்டி நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விட்டாள். மூன்று நிமிஷம்கூட இல்லை.

பிரதி மூன்று எடுத்து, பேரனிடம் ஒன்று, மகளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மெட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.