ஏக்கர் எத்தனை? ஆட்கள் எத்தனை? உறங்குவது எங்கே?

சட்டமன்றத்திலே எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து நின்று வினா ஒன்று கேட்கிறார். அமைச்சர் எழுகிறார், "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்கிறார், அமர்கிறார். மறுநாள் ஏட்டில் அது நான்கு வரிச் செய்தி. இதனைப் படித்துவிட்டு, "கேட்டு என்ன கண்டோம்?" என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கேட்டு என்ன கண்டோம் என்பதற்கு 1957-ஆம் ஆண்டு விடை கூறும். ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஏழை எளியவர் மாதந்தோறும் கட்டிய தவணைப் பணத்திலிருந்து ஒரு கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்து, முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கிற்று. நாடாளுமன்றத்தில் வினா எழுந்தது. முதலில் கிடைத்ததும் மழுப்பலான விடைதான்! ஆயினும் விட்டாரில்லை. பெரோஸ் காந்தி, அந்த ஆண்டு டிசம்பரில், ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தபடியே, நாள் வாரியாக, தொகை வாரியாக அடுக்கிக் காட்டினார். நீதியரசர் சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அசைக்க முடியாதவர் என்று கருதப்பட்டவரை அசைத்தது வசைமாரி அன்று, கணக்கு!

வினா எழுப்பும் உரிமை நமக்கு யாரும் தட்டில் வைத்துத் தந்ததன்று. வெள்ளையர் ஆட்சியிலே 1892-இல்தான் சட்டசபை உறுப்பினர் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. விடை கேட்டபின் துணைக் கேள்வி கேட்கும் உரிமைக்கு 1909 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் துணைக் கேள்விதான், தோழரே, கூரிய வாள். முதற் கேள்விக்கு எழுத்தர்கள் விடை எழுதித் தந்துவிடுவர், அமைச்சர் படித்துவிடுவார். துணைக் கேள்விக்கோ அமைச்சரேதான் வாய் திறக்க வேண்டும்! மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் பட்டியலில் ஏறும். அவற்றுள் வாய்மொழி விடை பெறுவன சிலவே. 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரில், கொள்ளை நோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்து மூலம் விடை தந்தோமே என்றார்கள். வாளை எடுத்துக்கொண்டு உறையைத் தந்தார்கள்! நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் கேள்வி நேரத்தை நேரலையாக மக்கள் காணும் வாய்ப்பும் 2022 ஜனவரியில்தான் கிட்டிற்று.

இத்தகைய அரிய உரிமையைக் கொண்டு எதைக் கேட்பது? தொழில் மண்டலங்களைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். ஆலை வேண்டாம் என்போர் அல்லர் நாம். 1958-இல் கிண்டியிலே தொழிற்பேட்டை எழுந்தபோது, சிறு பட்டறைக்காரனுக்கும் கூரையும் மின்சாரமும் கிடைத்தன. அதனை வாழ்த்தாதவர் யார்? இன்று எழும் மண்டலங்களோ வேறு வகையின. நிலம் அரசு தேடித் தரவேண்டும், சாலையும் நீரும் மின்சாரமும் அரசு கொண்டுவந்து சேர்க்கவேண்டும், வரியோ விலக்கப்படவேண்டும். அத்தனையும் பெற்றுக்கொண்டவர் திருப்பித் தருவது என்ன? அதனைக் கேட்டால் "முதலீட்டாளர்களை விரட்டுகிறீர்களே" என்று பதறுகின்றனர் ஆளவந்தார்.

ஏற்றுமதிக்கென வேலியிட்ட மண்டலம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1965-இலேயே குஜராத்தின் காண்ட்லாவில் தோன்றிற்று. 2000-இல் சிறப்புப் பொருளாதார மண்டலக் கொள்கை வந்தது. 2005-இல் சட்டம் வந்தது. 2006-இல் விதிகள் வந்தன. பின்னர் மாநிலங்கள் முந்திக்கொண்டு நிலம் தேடின. எட்டாண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், தலைமைக் கணக்குத் தணிக்கையர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். முறையான ஒப்புதல் பெற்றவை 576. அரசிதழில் அறிவிக்கப்பட்டவை 392. இயங்கியவை? 152! அறிவிக்கப்பட்ட நிலம் 45,635 ஹெக்டேர். அதில் தொழில் நடந்தது 28,488 ஹெக்டேரில். எஞ்சிய 17,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நெல்லும் இல்லை, ஆலையும் இல்லை. முள்ளும் வேலியும் இருந்தன.

வேலைவாய்ப்புக் கணக்கு இதனினும் கசப்பு. தணிக்கையர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடங்களில் 39 லட்சத்து 17 ஆயிரம் பேருக்கு வேலை என்று சொல்லி அனுமதி பெற்றிருந்தனர். கிடைத்ததோ 2 லட்சத்து 84 ஆயிரம் பேருக்கு. நூற்றுக்கு 93 பங்கு வெறும் வாய்ப்பந்தல்! இதற்காக 2006-07 முதல் 2012-13 வரை கைவிடப்பட்ட வரி 83,104 கோடி ரூபாய். இந்தப் புள்ளிகளை எந்த எதிர்க்கட்சியும் புனையவில்லை. அரசின் சொந்தத் தணிக்கையர் எழுதியவை.

ஆனால், இவை எப்பொழுது வெளிவந்தன என்று கவனித்தீர்களா? எட்டாண்டு கழித்து. தணிக்கை அறிக்கை பிணப் பரிசோதனை போன்றது. எதனால் இறந்தது என்று கூறும், உயிரைத் தராது. உயிரோடிருக்கும்போதே நாடி பிடித்துப் பார்ப்பது உறுப்பினரின் கேள்வி. ஆண்டுதோறும் மண்டலம் மண்டலமாகக் கேட்டிருந்தால், 39 லட்சம் என்ற எண் எட்டாண்டுக் காலம் மேடைகளிலே முழங்கியிருக்குமா?

ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். 2005 ஏப்ரலில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2006-இல் கைப்பேசிகள் வெளிவரத் தொடங்கின. ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணி பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள். உள்நாட்டில் விற்கும் கைப்பேசிகளுக்குச் செலுத்தும் விற்பனை வரியையும் நிறுவனத்துக்கே திருப்பித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. இந்த விவரங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு தோண்டி எடுக்கப்பட்டபின்தான் பரவலாகத் தெரிய வந்தன. சட்டமன்றத்தின் மேசைமீது முதல் நாளே வைக்கப்பட்டிருக்க வேண்டிய தாள் அல்லவா அது!

பின்னர் வரித் தகராறு வந்தது, சொத்துகள் முடக்கப்பட்டன. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் ஒதுக்கி விடப்பட்டது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. வரி கேட்டது தவறு என்று நாம் கூறமாட்டோம். வரிச்சலுகை தந்தபோது, "நிறுவனம் வெளியேறினால் தொழிலாளர் கதி என்ன?" என்னும் ஒரு விதியை ஒப்பந்தத்தில் எழுதி வைத்தீர்களா என்பதே நம் கேள்வி. 24 வயதில் வேலை இழந்து ஊர் திரும்பிய பெண்ணுக்கு அதற்கான விடை இதுவரை கிடைக்கவில்லை. மின்னேற்றி செய்யும் சால்காம்ப் நிறுவனம் 2019-இல் வாங்கும் வரை அந்தக் கட்டடம் பூட்டியே கிடந்தது.

உள்கட்டமைப்பு என்ற சொல்லை அமைச்சர் பெருமக்கள் மிக விரும்புகின்றனர். சொல்லும்போதெல்லாம் அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது ஆறுவழிச் சாலையும் மேம்பாலமும். தொழிலாளி இரவில் எங்கே தலைசாய்க்கிறான் என்பது அந்தச் சொல்லுக்குள் அடங்காதோ? 2015 ஜனவரி 31. இராணிப்பேட்டை சிப்காட் பகுதி. தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் நள்ளிரவில் உடைந்தது. அடுத்திருந்த ஆலைக்குள்ளே படுத்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது நச்சுச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர்! பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆலைக்குள் ஏன் உறங்கினர்? உறங்க வேறிடம் இல்லை. அந்தத் தொட்டியின் கொள்ளளவு யாது, அதில் இருந்த கசடு எவ்வளவு, கடைசியாக ஆய்வு செய்த அலுவலர் யார், நாள் எது? இந்த நான்கு வினாக்கள் 2014-இல் மன்றத்தில் ஒலித்திருந்தால், அந்த இரவில் அந்தச் சுவர் நின்றிருக்கக் கூடும்.

அதே நகரின் தொழிற்பேட்டையில், 1995-இல் மூடப்பட்ட குரோமிய ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு மலைபோல் குவிந்து கிடந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதையை அவ்வூர்த் தோழர்கள் என்னைவிட நன்கு அறிவர்.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். நியாயம் கேட்டுப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். விடுதிகள் சில உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பிறகு 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில், 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 2006-இல் கைப்பேசி வெளிவந்த ஊருக்கு, கைப்பேசி செய்தவள் படுக்க அரசு இத்தகைய இடம் கண்டது 2024-இல்! இடையிலே 18 ஆண்டுகள். "உறங்குவது எங்கே?" என்று நெடுஞ்சாலையில் அமர்ந்து பெண்கள் கேட்டபின்தான் செங்கல் அடுக்கப்பட்டது. மன்றத்திலே அமர்ந்திருந்தோர் அதனை முன்னரே கேட்டிருக்க வேண்டாமா?

இங்கே ஓர் உண்மையைக் கசப்பானாலும் விழுங்கியாக வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு கட்சியின் ஆட்சி மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் தமிழகச் சட்டம் 1997-இல் ஓர் ஆட்சியில் இயற்றப்பட்டது. ஐந்தாண்டு பயன்படுத்தாது போட்ட நிலத்தை உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்பவேண்டும் என்று கூறும் 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வந்தபோது, அதன் பிடியிலிருந்து மாநிலச் சட்டத்தை விடுவிக்க 105-அ என்னும் பிரிவு மற்றோர் ஆட்சியில் செருகப்பட்டது. 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதத்தில் சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டு அதற்கு உயிரூட்டிற்று. 2021-இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆட்சிகள் மாறின, உழவனுக்கு எதிரான பிரிவு மாறவில்லை. ஆகவே நம் உறுப்பினர் கேட்கும் கேள்வி, எதிரே அமர்ந்திருப்பவர் முகம் பார்த்துக் கேட்கும் கேள்வியாக இருத்தல் கூடாது. நாளை நாம் அந்த வரிசையில் அமர்ந்தாலும் நமக்கு எதிராகவும் எழக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "இதனை ஏன் கிளறுகிறீர்கள், நமக்கும் சங்கடமாயிற்றே" என்று மாவட்டக் கூட்டங்களில் முணுமுணுக்கும் பெரியவர்களுக்கும் இதுவே விடை.

இனி உம்முடைய பங்குக்கு வருகிறேன், தோழரே. உறுப்பினர் மன்றத்தில் இருக்கிறார். மண்டலமோ உம்முடைய ஊரில் இருக்கிறது. "ஏராளமான நிலம் பாழாய்க் கிடக்கிறது" என்று அவர் பேசினால் அமைச்சர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார். "இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கர், இன்ன ஆண்டில் எடுத்தீர்கள், இன்று அங்கே இருப்பது என்ன?" என்று கேட்டால் சிரிப்பு மறையும். அந்தச் சர்வே எண்ணை அவருக்குத் தருவது யார்? கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று அடங்கல் பார்க்கத் தெரிந்த நீர்தான்! ஆலை வாயிலில் பணிமுடிந்து வெளிவருவோரில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தெரிந்த நீர்தான்! கழிவுநீர் எந்த ஏரிக்குள் இறங்குகிறது என்பதைக் கோட்டையிலிருந்து காண முடியாது. கரையில் நின்றால் மூக்கே சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று மன்றத்தில் கூறிவிட்டால் அது காற்றோடு போகிற பேச்சன்று. மக்களவையில் 1953 முதலே அரசின் உறுதிமொழிகளைக் கண்காணிக்கத் தனிக் குழு உண்டு. நம் சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு உண்டு. எந்த நாளில், எந்த அமைச்சர், எந்த மண்டலத்துக்கு என்ன வாக்களித்தார் என்பதை ஒன்றியக் கிளைகள் குறிப்பேட்டில் எழுதி வைப்பின், ஓராண்டு கழித்து அதே நாளில் அதே கேள்வியை மீண்டும் கேட்கச் செய்யலாம். நம் கிளைகளில் மாலை வாங்கிய கணக்குக்குக் குறிப்பேடு உண்டு, இதற்கு இல்லை.

கேள்விக்கு முன்னறிவிப்பு வேண்டும். மக்களவையில் அதற்கு 15 முழு நாட்கள் வேண்டும். கூட்டம் கூடிய பின்னர் ஓடிவந்து தாள் நீட்டினால் உறுப்பினர் என்செய்வார்? அடுத்த கூட்டத்தொடருக்குள் உம்முடைய ஒன்றியத்திலுள்ள தொழிற்பேட்டை, சிறப்பு மண்டலம், சிப்காட் வளாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: எடுத்த நிலம், எடுத்த ஆண்டு, இயங்கும் ஆலைகள், உள்ளூரார்க்கும் வெளியூரார்க்கும் கிடைத்த பணிகள், நீர் வரும் வழி, கழிவு போகும் வழி, பணியாளர் உறங்கும் இடம். தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். அந்த வெறுமைதான் கேள்வியாக மன்றத்துக்குப் போக வேண்டியது.